ரோஜா தூங்கும் மாதம்

தை பிறந்ததும் நங்கநல்லூரில் எங்கள் தெருவுக்கு ஒரு மினி வேன் வரும். பின்பக்கம் படி மாதிரி பலகை அடித்து, கறுப்பு கவர்களில் ரோஜாச் செடிகளை அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு செடியிலும் கட்டாயம் ஒரு பூ இருக்கும். "ஓசூர் செடிம்மா, வருஷம் பூரா பூக்கும்" என்பார் அந்தத் தம்பி. ஆளுக்கு இரண்டு வாங்குவோம். இருக்கிற பூ உதிரும். அடுத்த மொட்டு பாதி அளவில் வரும். மாசியில் இலை மஞ்சளாகும். சித்திரையில் குச்சி மட்டும் நிற்கும். "எனக்கு ரோஜா ராசியில்லை" என்று எதிர்வீட்டு மாமி வருஷா வருஷம் சொல்வார். அடுத்த தைக்கு மறுபடியும் வேனுக்கு முன்னால் நிற்பார்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வங்கி வேலையில் முப்பத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போனவள் நான். மதுரை, குன்னூரில் நான்கு வருடம், ஓசூரில் மூன்று, கடைசியில் சென்னை. போன இடமெல்லாம் ரோஜா வைத்தேன், போன இடமெல்லாம் கொன்றும் இருக்கிறேன். இப்போது மகள் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருப்பதால், பனியில் ரோஜா சாவதையும் பார்த்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு புதிதாக ரோஜா வைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் ரோஜா எந்த மாதம் தூங்கும்?

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றோடு கலந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் வந்தது. 1867இல் வெளிவந்த லா ஃபிரான்ஸ் என்ற ரோஜாவை முதல் ஹைபிரிட் டீ என்பார்கள். நாம் ரோஜா என்றதும் நினைக்கிற, நீளக் காம்பில் ஒற்றை மொட்டு நிற்கும் வகை அது. இந்தச் செடிகளுக்குப் பூப்பதைத் தானாக நிறுத்தத் தெரியாது. குளிர் நாட்டில் பனி வந்து நிறுத்தும். நீலகிரியில் மார்கழிக் குளிர் பாதி நிறுத்தும். சென்னையிலும் மதுரையிலும் நிறுத்த ஆளே இல்லை. வெயிலில் வாடிக்கொண்டே பூக்கும், மழையில் அழுகிக்கொண்டே பூக்கும், பூத்தே செத்துப்போகும். சமவெளியில் அதைத் தூங்க வைக்கிற வேலை நம்முடையது. அதைக் கையில் இருக்கும் கத்தரியால்தான் செய்ய வேண்டும்.

வாங்கும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், முக்கால்வாசிச் செடி அங்கேயே செத்துவிடுவதால்.

வேன்காரரிடம் பூவைப் பார்க்காதீர்கள். குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். விற்கிற ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். தரைக்குச் சற்று மேலே முழங்கால் மூட்டு மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே இருப்பது முரட்டு நாட்டு ரோஜாவின் வேர், மேலே இருப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ரோஜா. ஒட்டுக்கு மேலிருந்து விரல் தடிமனில் இரண்டு மூன்று கிளைகளாவது வந்திருக்க வேண்டும். ஒல்லியாக ஒரே குச்சியில் பெரிய பூ இருந்தால் வேண்டாம். பூவே இல்லாமல் சிவப்புத் துளிர் விட்டு நிற்கும் செடி ஓரமாகக் கிடக்கும். அதை எடுங்கள், பத்து ரூபாய் குறைத்தும் தருவார்.

வீட்டுக்கு வந்ததும் கவரைக் கிழித்தால் உள்ளே செங்கல் மாதிரி ஒரு களிமண் உருண்டை இருக்கும். லாரியில் வரும்போது உதிராமல் இருக்கப் பிசைந்து வைத்த மண். அதை அப்படியே தொட்டியில் புதைத்தால், சுற்றியிருக்கும் நல்ல மண்ணில் தண்ணீர் ஓடிவிடும், உருண்டைக்குள் ஒரு சொட்டு இறங்காது. இறங்கினால் வெளியே வராது. ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையை அரைமணி நேரம் ஊறப்போடுங்கள். அப்புறம் விரலால் தேய்க்காமல், தண்ணீருக்குள்ளேயே மெதுவாக ஆட்டிக் களிமண்ணைக் கரையவிடுங்கள். வெள்ளைச் சல்லிவேர் கொஞ்சம் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடலாம், மொத்தமும் கழுவ வேண்டியதில்லை. இதை மார்கழி, தை, மாசியில் மட்டும் செய்யுங்கள். வெயில் மாதத்தில் வேரைத் தொட்டால் செடி பிழைக்காது. நட்ட பிறகு இருக்கிற பூவையும் மொட்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். அந்தப் பூவைக் கிள்ள மனசு வராமல்தான் பாதிப்பேர் செடியை இழக்கிறார்கள்.

தொட்டி பதினைந்து அங்குலமாவது இருக்கட்டும். மண் தொட்டியே நல்லது. மொட்டைமாடி வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மதியம் தொட்டுப் பாருங்கள், உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கும். மண் கலவைக்கு என் அளவு: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் அரைப் பங்கு, மணல் அரைப் பங்கு. ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு, ஒரு கை எலும்புத் தூள். ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் தெரிய வேண்டும். இது நம் ஊர்க் கணக்கு. கனடாக் கணக்கு நேர் தலைகீழ், பிறகு சொல்கிறேன்.

இந்த ஒட்டு விஷயத்தில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. குன்னூர் வீட்டில் மஞ்சள் ரோஜா ஒன்று வைத்திருந்தேன். அடியிலிருந்து ஒரு கிளை சாட்டை மாதிரி கிளம்பியது. முள் குறைவு, பளபளவென்று வெளிறிய பச்சை, ஒரு மாதத்தில் என் தோளுக்கு வந்துவிட்டது. செடிக்குக் குன்னூர் ஒத்துக்கொண்டது என்று பெருமைப்பட்டு, குச்சி நட்டுக் கட்டி, தனியாக உரமும் போட்டேன். எட்டு மாதம். மஞ்சள் ரோஜா இருந்த பக்கம் சுருங்கிக்கொண்டே போனது. பக்கத்து பங்களா தோட்டக்காரர் ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அம்மா, எஜமானைக் கொன்னுட்டு வேலைக்காரன் உக்காந்திருக்கான்" என்றார். ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வந்த கிளை அது.

ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டுக்கிளை என்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் வெட்டக் கூடாது, வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும். புறப்படும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்த்துவிட வேண்டும்.

சரி, எந்த ரோஜா?

சென்னை, திருச்சி, மதுரை மாதிரி ஊர்களுக்கு என் முதல் ஓட்டு பன்னீர் ரோஜாவுக்குத்தான். நர்சரிக்கு நர்சரி இந்தப் பெயரில் வேறு வேறு செடி கொடுப்பார்கள். மூக்கை நம்புங்கள். நான் சொல்வது, எட்வர்ட் ரோஜா என்றும் சொல்கிற, மாலைக்குப் போகும் அந்த ரோஸ் நிற வாசனைப் பூ. அது போர்பன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குப் பழைய பெயர் போர்பன், அங்கே தோன்றிய குடும்பம். அதனால் நம் வெயில் அதற்குப் புதிதில்லை. பூ ஒருநாள்தான் நிற்கும், குவளையில் வைக்க ஆகாது. ஆனால் குச்சி வெட்டி வைத்தாலே சொந்த வேரில் வரும், ஒட்டுத் தொல்லை கிடையாது. அடுத்து பட்டன் ரோஸ். பிறகு கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா வகைகள். அதில் 1958இல் ஜெர்மனியில் கோர்டஸ் நர்சரி வெளியிட்ட ஐஸ்பர்க் என்ற வெள்ளை ரோஜா, உஷ்ண நாடுகளிலும் சளைக்காமல் பூக்கும் என்று பெயர் வாங்கியது. என் மாடியில் பதினோரு வருடமாக நிற்கிறது.

பெரிய பூதான் வேண்டும் என்றால் ஹைபிரிட் டீ வையுங்கள், ஆனால் இதழை எண்ணி வாங்குங்கள். வெயில் ஊரில் இதழ் குறைந்த மொட்டு காலையில் விரிந்து மதியம் கொட்டிவிடும், நாற்பது ஐம்பது இதழ் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மலையில் இது மாறும். அங்கே ஈரத்தில் நிறைய இதழ் உள்ள மொட்டு விரியாமல் பந்தாக நின்று அப்படியே பழுப்பாகி அழுகும், அதனால் இதழ் குறைந்ததே மேல். கருஞ்சிவப்பு எல்லோருக்கும் ஆசைதான். மாடி வெயிலில் அதன் இதழோரம் இஸ்திரி போட்டுக் கருகின மாதிரி ஆகும். மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழும் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பொக்கேயில் வந்த ரோஜாக் காம்பை மண்ணில் குத்தி வைத்துவிட்டு எனக்கு போட்டோ அனுப்பும் உறவினர்கள் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகத்தைப் பசுமைக்குடிலில் வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், இரவு குளிர்ந்துவிடும். அதற்கு மேல் கூரை, சொட்டுநீர், கணக்காக உரம் எல்லாம் உண்டு. அந்த வசதியில் வளர்ந்த பிள்ளையை நங்கநல்லூர் மொட்டைமாடியில் விட்டால் என்ன செய்யும்? ஓசூரில் நான் இருந்த மூன்று வருடமும் வாசலில் எதை வைத்தாலும் பூத்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். சென்னைக்கு மாற்றலாகி வந்த முதல் மே மாதத்தில் எட்டுத் தொட்டியும் காலி.

அதற்குப் பிறகுதான் மாதக் கணக்குப் பிடிபட்டது. சென்னையில் என் ரோஜாக்களுக்கு வருடம் மார்கழியில், கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில் ஆரம்பிக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. கடலோரத்தில் அது அடைமழைக் காலம், வெட்டுவாயில் தண்ணீர் இறங்கிக் கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். மழை ஓய்ந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, டிசம்பர் கடைசி வாரம் வாக்கில் கத்தரியை எடுப்பேன். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைப் பாதியாக்கிவிட வேண்டும். செத்த கிளை, பென்சிலை விட ஒல்லியான கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் முதலில் போகட்டும். நல்ல கிளைகள் நாலைந்து மிஞ்சும். ஒவ்வொன்றையும் ஒன்றரை அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். கண் என்பது இலைக்காம்பு கிளையைத் தொடும் இடத்தில் சிவப்பாக, அரிசி நுனி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். உட்பக்கம் பார்க்கும் கண்ணை விட்டால் செடி நடுவில் புதராகிக் காற்றுப் போகாது. வெட்டின இடத்தில் உள்தண்டு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கி வெட்டுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவிவிட வேண்டும். மிச்சமிருக்கும் இலையையும் உருவி எடுத்துவிடுவேன். பார்க்க மொட்டைச் சாமியார்களை வரிசையாக உட்கார வைத்த மாதிரி இருக்கும். என் கணவர் முதல் வருடம் பதறிப்போனார்.

நமக்கு வேண்டிய தூக்கம் இதுதான். பத்துப் பதினைந்து நாளில் சிவப்புத் துளிர் வரும். அப்போது மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, மண்புழு உரம் இரண்டு கை, ஊறவைத்துக் கரைத்த கடலைப் பிண்ணாக்கு வாரம் ஒரு குவளை. வெட்டியதிலிருந்து நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பூ. தை கடைசி, மாசியில் மாடி ஜொலிக்கும். மினி வேன் தம்பிகூட ஒருமுறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பங்குனிக்கு மேல் உரத்தை நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் வரும் மொட்டை எல்லாம் கடுகளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுவேன். கத்திரி வெயிலில் அந்தப் பூ எப்படியும் காய்ந்த காகிதம் மாதிரிதான் விரியும், அதற்காகச் செடி தன் உயிரைச் செலவழிக்க வேண்டாம். இது இரண்டாவது தூக்கம். ஆனால் கவாத்து கூடாது, இலைதான் தண்டுக்குக் குடை. ஐம்பது சதவீத நிழல் தரும் பச்சை வலை, மண் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்கு, காலை ஆறரைக்குள் தண்ணீர், தேவைப்பட்டால் சாயங்காலமும். ஆவணி வாக்கில் லேசாக நுனி வெட்டி உரம் கொடுத்தால் புரட்டாசியில் ஒரு சுற்றுப் பூ கிடைக்கும். மழை தொடங்கியதும் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து அடித்துளையைக் குச்சியால் குத்திவிடுங்கள். அவ்வளவுதான்.

தண்ணீரைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரில் பக்கெட் விளிம்பு வெள்ளை பூக்கும். அதே உப்பு தொட்டி மண்ணிலும் சேரும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், பலரும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். அது மண்ணில் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாத நிலை. ரோஜாவுக்கு மண் லேசான புளிப்போடு, ஆறு, ஆறரை பிஎச்சில் இருந்தால் பிடிக்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன் என்று ஒரு தோழி சொன்னார். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. துணி துவைக்க, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பே கிடையாது. மாதம் ஒருமுறை மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ தொட்டி அடியிலிருந்து நன்றாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

பூச்சிக்கு ஒரே ஒரு சோதனை. ஏப்ரலில் இலை தூசி படிந்த மாதிரி மங்கினால், வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. மருந்துக்கு ஓடாதீர்கள். காலையில் குழாயை வைத்து இலையின் அடிப்பக்கம் பலமாகத் தண்ணீர் அடியுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தடவை. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து, சாயங்காலம். மழைக்காலத்தில் இலையில் வரும் கரும்புள்ளி நோய்க்கு, விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடுவதுதான் பாதி வைத்தியம். உரக்குழியில் போட்டால் திரும்பி வரும்.

மலைக்காரர்களுக்குக் குறைவாகச் சொன்னால் போதும், அவர்களுக்கு வானமே வேலை செய்கிறது. ஊட்டியில் எல்க் மலைச் சரிவில் இருக்கும் அரசு ரோஜாப் பூங்கா 1995இல் நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக அமைந்தது. அங்கே ஜனவரி வாக்கில் கவாத்து செய்கிறார்கள், மே மாதம் சீசனுக்குச் சரிவு முழுக்கப் பூ. குளிர் என்பதால் வெட்டிலிருந்து பூவுக்கு எடுக்கும் நாள் நம் சமவெளியைவிட அதிகம். பூவும் செடியில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். மண் மட்டும் அங்கே அளவுக்கு மீறிப் புளிப்பு, டோலமைட் சுண்ணாம்பு கொஞ்சம் போட வேண்டும். நான் போடாமல் இரண்டு வருடம் வீணாக்கினேன். சாம்பல் நோய் அதிகம், அதனால் செடிக்குச் செடி மூன்றடி இடம் விடுங்கள். நீலகிரி, பழனி மலைகளில் வெள்ளைப் பூ பூக்கும் காட்டுக் கொடி ரோஜா ஒன்றுகூட உண்டு, லெஷனால்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரைத் தாங்கியது. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி மணிப்பூர்க் காட்டு ரோஜாவான ஜைஜான்டியாவை வைத்து, உஷ்ண ஊர்களுக்கென்றே புது ரோஜாக்களை உருவாக்கியவர்கள். அந்த ரகம் ஏதாவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

கடைசியாக ஸ்கார்பரோ. மகள் முதல் வருடம் ஒரு கடையில் ஆரஞ்சு நிற ஹைபிரிட் டீ வாங்கி, நான் சொன்னபடி ஒட்டை மண்ணுக்கு மேலே வைத்தாள். தப்பு என்னுடையது. அந்தக் குளிரில் ஒட்டுக்கு மேலிருந்தது மொத்தமும் செத்தது. அடுத்த கோடையில் கருஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூவாகப் பூத்தது. "அம்மா, நிறம் மாறிடுச்சு" என்று வீடியோ காலில் காட்டினாள். டாக்டர் ஹியூவி என்ற வேர்ச்செடி, அங்கே ஒட்டுக்கு நிறையப் பயன்படுத்துவது. மறுபடியும் அதே வேலைக்காரன்!

அங்கே ஒட்டு மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். அதைவிட நல்லது, சொந்த வேரில் வளரும் செடியாகக் கேட்டு வாங்குவது. மேலே உறைந்து போனாலும் வேரிலிருந்து அதே ரோஜாதான் வரும். கனடா அரசின் வேளாண் ஆராய்ச்சிக்காரர்கள் பழைய கடலோடிகள் பெயரில் ஒரு வரிசையே வெளியிட்டிருக்கிறார்கள்: ஜான் கேபட், வில்லியம் பாஃபின், ஹென்றி ஹட்சன். அவள் வீட்டு வேலியில் இப்போது ஜான் கேபட் ஏறியிருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் உரம் நிறுத்தம். இலையுதிர் காலத்தில் கவாத்து கிடையாது, வெட்டினால் துளிர்க்கும், துளிர் பனியில் கருகும். கடைசிப் பூக்களைக் கிள்ளாமல் காயாக விட்டால் செடி தானே புரிந்துகொண்டு அடங்கும். நவம்பரில் நாலைந்து நாள் நன்றாக உறைந்த பிறகு அடியில் ஒரு அடி உயரத்துக்கு மண்ணைக் குவிக்க வேண்டும். வசந்தத்தில் பார்சித்தியா என்ற புதர் மஞ்சளாகப் பூக்கும்போது மண்ணை விலக்கிவிட்டு வெட்டலாம்.

போன வருடம் டிசம்பர் 27 அன்று நான் இங்கே மொட்டை மாடியில் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். அங்கே வேலி பாதி வரை பனி. "இதுக்கு இப்ப என்னம்மா செய்யணும்?" என்றாள். ஒன்றும் செய்யாதே, மார்ச் வரை அந்தப் பக்கம் போகாதே என்றேன். எனக்கு இன்னும் ஆறு தொட்டி பாக்கி இருந்தது.